நாலு பக்கமும் ஆள் வேண்டும்: தனியாக வளரும் பிள்ளைக்கு எந்தக் கரம் போட்?

கிராமத்தில் கூட்டாளி இல்லாமல் வளரும் பிள்ளைக்குக் கரம் போட் வாங்க நினைக்கிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சின்னதை வாங்காதீர்கள். விளையாட்டுச் சாமான் கடையில் பொலித்தீன் சுற்றித் தொங்கும் அந்தப் பலகை வந்த பிறகும் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து, முழு அளவுப் பலகையாக வாங்குங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளூரப் போகப் போக வீடுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. ஒரு வளவு, பிறகு வயல் வட்டை, அதற்கும் அங்கால்தான் அடுத்த வீடு. தாய் வெளிநாட்டில், தகப்பன் வேளாண்மை வேலையில், அம்மம்மாவோடு ஒரு பிள்ளை என்று எத்தனையோ வீடுகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் உள்ள அந்த நேரம் மிக நீளமானது. கிரிக்கெட்டுக்குப் பத்துப் பேராவது வேண்டும், ஓடிப் பிடிப்பதற்கு ஒரே வயதுப் பிள்ளைகள் வேண்டும். கரத்துக்கு வயதும் கணக்கில்லை, உடல் பலமும் கணக்கில்லை. ஒருவர் இருந்தாலும் தொடங்கலாம், நாலு பேர் வந்தாலும் இடமிருக்கிறது.

மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உள்ளே அளந்தால் ஐம்பது செ.மீ. வரும் சின்னது. பலகை மூன்று, நாலு மி.மீ. தடிப்புத்தான் இருக்கும். திருப்பினால் பின்பக்கத்தில் பாம்பும் ஏணியும். இரண்டாவது, உள்ளே 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. வரும் நடு அளவு. மூன்றாவது 29 அங்குலம். சர்வதேச விதிப்படி ஆட்டப் பரப்பு 73.5 செ.மீ.க்குக் குறையாமலும் 74 செ.மீ.க்குக் கூடாமலும் இருக்க வேண்டும், பலகை 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுற்றியுள்ள மரச் சட்டத்தோடு சேர்த்து வெளியே அளந்தால் ஒரு பக்கம் 87, 88 செ.மீ. வரும்.

சின்னதில் என்ன பிழை? வளர்ந்தவரின் கை அதற்குள் அடங்காது. அடிக்கத் தொடங்கும் இடமான அடிக்கோட்டுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையில் தூரமே இல்லாததால் மெல்லத் தட்டினாலும் காய் சுற்றிச் சுற்றி ஓடும். பத்து வயதைத் தாண்டிய ஒருவரும் அதற்கு முன்னால் குந்த மாட்டார். மெல்லிய பலகை என்பதால் ஒரு மாரி கழிந்ததும் நடுவில் பள்ளம் விழுந்து, எப்படி அடித்தாலும் காய்கள் எல்லாம் நடுவுக்கு வந்து சேரும். பிறகு அது அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். நடு அளவு பரவாயில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை, சின்ன வீடு என்றால் அதை வாங்கலாம். ஆனால் அதில் பழகிய கை சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ பெரிய பலகைக்கு முன்னால் தடுமாறும். ஒவ்வொரு தூரத்தையும் புதிதாகப் பழக வேண்டி வரும்.

பெரிய பலகையின் பலமே, அது பெரியவர்களை இழுத்து வரும் என்பதுதான். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் கழகங்களிலும் வாசிகசாலைகளிலும் கரம் அடித்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சுற்றுப்போட்டியில் ஆண்கள் பிரிவில் வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. பல வருடம் தொடாமல் இருந்தாலும் விரல் அதை மறப்பதில்லை. முழு அளவுப் பலகையைக் கண்டால் அந்த விரல் சும்மா இருக்காது.

கடையில் பார்த்து வாங்குவது எப்படி என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் அதுதான். கையில் ஒரு அளவு நாடா, ஒரு மீற்றர் அலுமினியக் கோல் கொண்டு போங்கள். பொலித்தீனைக் கழற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

முதலில் மூலைக்கு மூலை அளவு. சட்டத்தின் உள் விளிம்பு சந்திக்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தால் 104 முதல் 104½ செ.மீ. வரைக்கும் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை செ.மீ. வித்தியாசம் இருந்தாலே பலகை சதுரமில்லை என்று அர்த்தம். சட்டத்தில் பட்டுத் திரும்பும் காய் எதிர்பார்த்த கோணத்தில் திரும்பாது, பிள்ளை தன் கையைத்தான் பிழை என்று நினைக்கும்.

அடுத்தது மட்டம். கோலைப் பலகையில் குறுக்காக நிமிர்த்தி வைத்து, கண்ணைப் பலகையின் உயரத்துக்கு இறக்கி, வெளிச்சம் வரும் பக்கம் பாருங்கள். கோலுக்கும் பலகைக்கும் இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் பள்ளம். கோல் நடுவில் பட்டு இரண்டு பக்கமும் ஆடினால் அந்த இடம் மேடு. நாலு திசைக்கும் பார்க்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விட வேண்டாம்.

மூன்றாவது, சட்டம். நல்ல 15 கிராம் ஸ்ட்ரைக்கரை, அதாவது காய்களை அடிக்கும் பெரிய வட்டை, முழுப் பலத்தோடு எதிர்ச் சட்டத்துக்கு அடித்தால் அது பலகையை மூன்றரைத் தடவையாவது போய் வர வேண்டும் என்பது விதியிலேயே உள்ள சோதனை. மெல்லிய மரச் சட்டம் அடியை வாங்கி விழுங்கிவிடும். இரண்டு தடவையோடு ஸ்ட்ரைக்கர் நின்றுவிடும். அடிக்கும் சத்தத்தைக் கேட்டாலும் விளங்கும். வைரமான மரம் ‘டக்’ என்று தெறிக்கும், மெல்லிய மரம் ‘தொப்’ என்று அமுங்கும். சட்டம் பலகைக்கு மேலே 2 முதல் 2½ செ.மீ. உயரம் நிற்பது சரி. அதைவிடத் தாழ்ந்தால் காய் வெளியே பாயும். கீழே திருப்பி, சட்டம் ஆணியால் அறையப்பட்டிருக்கிறதா, ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாவிக் கரையின் உப்புக் காற்றுக்கு ஆணி துருப்பிடித்து இளகும். ஸ்க்ரூ என்றால் வருடத்துக்கு ஒருக்கால் இறுக்கிக்கொள்ளலாம்.

நாலு பொக்கெட்டும் 4.45 செ.மீ. விட்டம். ஸ்ட்ரைக்கர் ஆகக்கூடியது 4.13 செ.மீ. ஆக மூன்று மி.மீ. இடைவெளிதான். ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு பொக்கெட்டிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் சிக்கினால் மண்கடதாசியால் சரிப்படுத்தலாம், ஆனால் பொக்கெட் பெரிதாக வெட்டுப்பட்டிருந்தால் திருத்த வழியில்லை.

ஓடாவியாரிடம் சொல்லிச் செய்விப்பதும் நல்ல வழி. பழைய கதவு, யன்னல் கழற்றிய வீடுகளில் முதிரை, தேக்குத் துண்டுகள் கிடைக்கும். நன்றாக உலர்ந்த அந்த மரத்தில் செய்த சட்டம் கடைச் சட்டத்தைத் தோற்கடிக்கும். பிளைவூட் மட்டும் 8 மி.மீ.க்குக் குறையாமல், கணுவும் ஒட்டுமில்லாத முகத்தோடு பார்த்து வாங்கிக் கொடுங்கள். கோடு கீறும்போது ஒவ்வொரு பக்கத்து இரண்டு அடிக்கோடும் 47 செ.மீ. நீளம், சட்டத்துக்குக் கிட்டவுள்ளது சட்டத்திலிருந்து 10.15 செ.மீ. தள்ளி, நடுவிலுள்ள பெரிய வட்டம் 17 செ.மீ. விட்டம். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றதில் சின்னப் பிசகு ஆட்டத்தைக் கெடுக்காது.

இனிக் காய். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றும் 3.02 முதல் 3.18 செ.மீ. விட்டம், 7 முதல் 9 மி.மீ. தடிப்பு, 5 முதல் 5½ கிராம் நிறை. மரக் காயையே எடுங்கள். பலகையோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் காய் வேகத்தில் எகிறிக் குதிக்கும். ஒரு காய் தொலைந்தால் வேறு செட்டிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டாம். நிறை மாறினால் எந்தக் காய் அது என்று இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பிறகு அதை வைத்தே சண்டை வரும். ஸ்ட்ரைக்கர் வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொட்டை இருந்தால் பலகையில் கீறல் விழும், நகக்கண்ணையும் வெட்டும். 15 கிராமுக்குக் கூடக் கூடாது. நகைக்கடைத் தராசில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நிறை குறைந்தது ஒன்றையும் சேர்த்து வாங்கினால் விரல் நோகாது.

பவுடரில் கவனம் வேண்டும். போரிக் பவுடர்தான் வழக்கம், அதுதான் காயை வழுக்கிக்கொண்டு ஓட விடும். ஆனால் அது வாய்க்குள் போனால் நஞ்சு. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அதை வைக்கவே வேண்டாம். கையில் புண் இருந்தால் தொடவும் வேண்டாம். விளையாடி முடிந்ததும் கை கழுவிய பிறகுதான் தேத்தண்ணி, பணிஸ். குழந்தை இருக்கும் வீட்டுக்கு நன்றாக உலர்ந்த உருளைக்கிழங்கு மா போதும், கோடையில் சோள மாவும் பரவாயில்லை. மாரியில் சோள மா கட்டிபட்டுவிடும். அரிசி மா போட்டால் எறும்பும் வண்டும் வரும். வாசனைப் பவுடர் ஈரத்தில் பசைபோலப் பிடிக்கும். அளவு, அரைத் தேக்கரண்டி. நடுவில் கொட்டி, உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவி, மிச்சத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குப் பவுடர் வெள்ளையாகத் தெரிந்தால் கூடிப்போயிற்று என்று அர்த்தம். ஈரத் துணி, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், இந்த மூன்றும் பலகைக்குப் பக்கத்திலும் வரக் கூடாது.

எங்கள் பக்கத்துக் காலநிலைதான் கரம் போட்டின் பெரிய எதிரி. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் வீட்டுச் சுவரே ஈரம் குடித்து நிற்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மரத்திலுள்ள ஈரமெல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். பலகையின் மேல்பக்கம் வார்னிஷ் பூசி மூடியிருக்கும், கீழ்ப்பக்கம் வெறும் மரம். ஆகவே ஈரம் கீழால்தான் ஏறும், கீழால்தான் இறங்கும். மாரியில் கீழ்ப்பக்கம் பொங்கிப் பலகையின் நடு கீழே தொய்யும், காய் நடுவுக்கு வரும். கச்சானில் கீழ்ப்பக்கம் சுருங்கி நடு மேலே எழும்பும், காய் ஓரத்துக்கு ஓடும். மருந்து மிக எளிது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. வாங்கி வந்த கையோடு, மழையில்லாத நாளில், கீழ்ப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் பூசுங்கள். முதல் பூச்சுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள். இரண்டு முகமும் ஒரேமாதிரி மூடப்பட்டால் பலகை ஒரு பக்கத்துக்கு வளையாது.

ஏற்கெனவே வளைந்துவிட்டதா? வெயிலில் காயப் போட்டுவிடாதீர்கள், வார்னிஷ் வெடித்து இன்னும் கோணும். காற்றோட்டமுள்ள அறையில், எழும்பியிருக்கும் பக்கம் மேலே வரும்படி மட்டமான தரையில் வைத்து, கடதாசி விரித்து, ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை நடுவில் வையுங்கள். ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். லேசான வளைவு இறங்கும். விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் என்றால் பிளைவூட்டை மாற்றுவதுதான் வழி. சட்டம் நல்லதென்றால் அதற்குச் செலவழிக்கலாம். காய்களைப் போத்தலில் போட்டு, வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு வைத்தால் மாரியில் ஊதாது.

வலைப் பொக்கெட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடையில் வரும் பருத்தி நூல் வலை ஒரு வருடத்தில் இற்றுவிடும், காய் கீழே விழுந்து உருண்டு வடிகானுக்குள் போகும். புதுசு தேடி நகரத்துக்குப் போகத் தேவையில்லை. வாவியில் தொழில் செய்கிறவர் யாரிடமாவது கேளுங்கள். வலை ஊசியும் நைலோன் நூலும் அவர் கையில் எப்போதும் இருக்கும். அரை மணித்தியாலத்தில் ஒரு பொக்கெட்டை முடிந்து தருவார். பத்துக் காய் தாங்கும் ஆழம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள், அந்த முடிச்சைப் பார்த்துப் பழகட்டும்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் மற்ற எல்லாம் விளங்கும். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, அம்மம்மாவோடு. முழு அளவுப் பலகை. முதலில் அறைக்குள் பாயில் வைத்திருந்தார்கள். இரண்டு கிழமையும் பிள்ளை தனியே அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பலகையை முன் விறாந்தைக்குக் கொண்டுவந்து, சோடாப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் வைத்து, நாலு பக்கமும் நாலு கதிரை போட்டார்கள். மாற்றியது அவ்வளவுதான். அந்தச் சத்தம் ரோட்டுக்குக் கேட்கத் தொடங்கியது. மாடு பார்த்துவிட்டுச் சைக்கிளில் போன வயதானவர் ஒருவர் கடப்படியில் காலூன்றி நின்று பார்த்தார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, “புள்ள, கைய உள்ளுக்கு எடு, மூலையில இருக்கிற அம்புக்கோட்டத் தாண்டினா செல்லாது” என்றார். “அப்ப எப்பிடி அடிக்கிற, பெரியப்பா? காட்டித் தாங்கவன்” என்றது பிள்ளை. அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்களை அந்த வீட்டார் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். துணி வியாபாரத்துக்கு வரும் நானா மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் விட்டுவிட்டு, “ஒரு அடி அடிச்சிப் பாக்கவா, மகள்?” என்று கேட்டவர், இப்போது அந்த ஊர் வட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார், ஒரு போட், அதாவது ஒரு சுற்று, விளையாடிவிட்டுப் போகலாம் என்று. வட்டைக்கு அங்கால் வீட்டில் காது கேளாத இளைஞர் ஒருவர், ஊரில் யாரோடும் சேராதவர். கரத்தில் வாய்ப் பேச்சுக்குத் தேவையே இல்லை. எந்தக் காய் என்று விரலால் காட்டினால் போதும். அவர்தான் அந்தப் பிள்ளையின் நிரந்தரக் கூட்டாளி. இருவரும் எதிரும் புதிருமாக இருந்து கண்ணால் பேசிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். சிவப்பை யார் எடுப்பது, அதற்குத் துணைக் காயை யார் போடுவது என்று புருவத்தாலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

இருவர் இருவராக ஆடும்போது கூட்டாளி எதிரில் இருப்பார், எதிராளிகள் இரு பக்கமும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த அமைப்பு ஏன் பொருந்துகிறது என்றால், எல்லார் பார்வையும் பலகையில்தான் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமில்லை. என்ன பேசுவது என்று யோசிக்கவும் தேவையில்லை, பேச்சைக் காயே எடுத்துக் கொடுக்கும்.

உயரத்தைப் பற்றி மேலே சொன்னதைக் கொஞ்சம் விரிப்போம். விதிப்படி தாங்கியின் உயரம் 63 முதல் 70 செ.மீ. பாயில் வைத்தால் முழங்கால் நோவுள்ளவர் ஒருவரும் குந்த மாட்டார். வயதானவர்களையும் பகல் முழுக்க வயலில் நின்றவர்களையும் இழப்பது அங்கேதான். கதிரைக்குப் பொருந்தும் உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பலகை உயரம் என்றால் பலகையை இறக்காதீர்கள், பிள்ளையின் கதிரையில் இன்னொரு கதிரையை அடுக்குங்கள். முழங்கை சட்டத்துக்கு மேலே வந்தால் சரி. சோடாப் பெட்டி, செங்கல், மேசை எதுவென்றாலும் பலகையின் நாலு மூலைக்கும் கீழே தாங்கல் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்தால் ஆடும். மட்டம் பார்க்க, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய கிளாஸை நடுவில் வைத்தால் தெரியும். ஊற்றிவிடாமல் கவனம். போனில் உள்ள மட்டமானி அதைவிடப் பாதுகாப்பு.

வெளிச்சம், பலகைக்கு நேரே மேலே ஒரே ஒரு பல்ப். 60 வாட் குண்டு பல்ப்புக்கு ஈடாக 9 வாட் எல்.ஈ.டி. போதும். கண்ணில் அடிக்காமல் ஒரு மறைப்புப் போடுங்கள். மழை விட்ட இரவில் ஈசல் வந்து பவுடரில் விழும், அன்றைக்கு வேளைக்கே முடித்துக்கொள்வது நல்லது.

ஆள் வராத நாளுக்கும் வழியிருக்கிறது. பத்தொன்பது காயையும் அடுக்கி, எத்தனை அடியில் பலகை வெறுமையாகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அறுபது, எழுபது அடி போகும். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்தால், நாற்பதுக்குக் கீழே வரும் நாளில் பெரியவர்களோடு இருக்கத் தயார்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைக் காய் வைத்திருப்பவருக்குத்தான் முதல் அடி. ஸ்ட்ரைக்கர் தன் பக்கத்து இரண்டு அடிக்கோட்டையும் தொட்டு நிற்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் பொக்கெட்டில் விழுந்தால் ஒரு காய் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிவப்பைப் போட்டால் தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புத் திரும்பி நடுவுக்கு வரும். போட்டி விதியில் 25 புள்ளி அல்லது எட்டுப் போட். வீட்டில் அப்படி ஆடாதீர்கள். ஒரு போட் முடிய பத்து, பதினைந்து நிமிடம். அந்த ஒன்றோடு தோற்ற சோடி எழும்ப வேண்டும் என்று வையுங்கள். எட்டுப் போட் முடியும்வரை யாரும் கடப்படியில் நின்று காத்திருக்க மாட்டார்கள்.

எங்கே பிழைக்கிறது? பெரும்பாலும் ஒரே இடத்தில். பலகை நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் பதினாறு, பதினேழு வயதுப் பொடியன்மார் கூட்டமாக வருவார்கள். இரண்டாம் கிழமையே பலகைக்குச் சொந்தக்காரப் பிள்ளை ஓரத்தில் நின்று பார்க்கும். பொடியன்மாரைத் துரத்த வேண்டாம், அவர்களும் போக இடமில்லாதவர்கள்தான். ஸ்ட்ரைக்கரைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிள்ளை முதல் போட்டில் இருக்கும், ஒவ்வொரு மூன்றாவது போட்டிலும் இருக்கும். பிள்ளை எழும்பிப் படிக்கப் போனால் ஸ்ட்ரைக்கரும் கூடவே போகும். இதை முதல் நாளே வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் மனவருத்தம் வரும். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் கிழமையில் இரண்டு நாளை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அயலிலுள்ள மாமிமாரையும் கூப்பிட்டால் வருவார்கள், அவர்களில் நல்ல கைக்காரிகள் இருக்கிறார்கள். காசு வைத்து ஆடுவது ஐந்து ரூபாயாக இருந்தாலும் அன்றைக்கே நிறுத்த வேண்டும். அது தொடங்கினால் பெரியவர்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

காசு மட்டாக இருந்தால் எதற்கு முதலில் செலவழிப்பது? பலகை, பிறகு ஸ்ட்ரைக்கர், பிறகு மரக் காய். தாங்கி கடைசி. பழைய பலகைகளைக் கழகங்கள் கழிக்கும்போது கேட்டுப் பாருங்கள். வார்னிஷ் போயிருந்தாலும் சட்டம் வைரமாக, பலகை மட்டமாக இருந்தால் துணிந்து எடுக்கலாம். மேலே மீண்டும் பூச்சுப் போடுவதற்கு முன் மிக மெல்லிய மண்கடதாசியால் மரத்தின் ஓட்டத்தோடு தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். கொண்டுபோகும்போது பலகையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், படுக்க வைத்து மேலே சாமான் ஏற்றக் கூடாது. மண்முனைப் பாலத்தால் ஓட்டோவில் போவது வசதி. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், கொண்டுபோவதென்றால் பொலித்தீனை இரட்டையாகச் சுற்றுங்கள், காற்று நாளில் தண்ணீர் தெறிக்கும்.

இரவில் பலகையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சுவரில் சாய்த்து வைத்தால் தன் பாரத்திலேயே வளையும். சீமெந்துத் தரையில் கிடந்தால் ஈரம் ஏறும். மழைச் சாரல் படாத உட்சுவரில் இரண்டு வலுவான கொக்கி அடித்துத் தொங்கவிடுங்கள். வெள்ளம் வரும் ஊர் என்றால் கொக்கி நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். முழு அளவுப் பலகை சட்டத்தோடு பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும், ஒரு பிள்ளையால் தனியே தூக்கி மாட்ட முடியாது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அந்த வீட்டில் கடைசியாக எழும்புகிறவர்தான் மற்றப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. கால்மேல் போட்டுக்கொள்ளாமல், “ஒன்று, இரண்டு” சொல்லி, இரண்டு பேருமாகச் சேர்ந்து தூக்கி மாட்டுகிறார்கள்.